முதல் வெள்ளியும் மூன்று பீப்பாக்களும்

என் அரசாங்க சேவையில் நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது என்று நானே நினைத்திருந்தது ஓர் அவசரநிலைத் திட்டம். பதினான்கு பக்கம். வெள்ளத்துக்கு ஒரு பிரிவு, எரிபொருள் இல்லாமைக்கு ஒரு பிரிவு, இடப்பெயர்வுக்கு ஒரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பதிகாரி. அவர் இல்லாவிட்டால் இன்னொருவர். தட்டச்சு செய்து, மேலதிகாரியின் ஒப்பம் பெற்று, இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். போர் நெருங்கி, கச்சேரி என்ற எங்கள் மாவட்ட அலுவலகம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர வேண்டி வந்த அன்று அலுமாரிச் சாவியோடு எழுதுவினைஞர் வவுனியாவுக்குப் போயிருந்தார். திறக்காமலே அலுமாரியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். திட்டம் ஒரு கீறல்கூடப் படாமல் வந்து சேர்ந்தது. அதைப் படித்தவர் எவருமில்லை.

தொழில் ஒன்று எப்படி விழாமல் நிற்கிறது என்பதை நான் பிறகுதான் கற்றேன், திட்டம் என்ற சொல்லையே ஒருநாளும் பாவிக்காத ஒருவரிடம். தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு பேக்கரி நடத்தினார். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பம். கரையை விட்டு எழும்பி வந்தபோது வலையும் படகும் போய்விட்டன. கையில் மிஞ்சியதைக் கொண்டு செங்கல் அடுப்பாகிய ஒரு போறணை கட்டிப் பாண் ரொட்டி போடத் தொடங்கியிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஆனாலும் ஊர் முழுக்க அவரை அக்கா என்றது. ஊரோடு சேர்ந்து நானும் அக்கா என்றேன்.

அப்போது கச்சேரி ஒரு பாடசாலையின் பின்பக்கத்தில் இயங்கியது. போனவர்கள் போக, இருந்தவர்கள் தலையில் எல்லா வேலையும் விழுந்தது. நான் என் பதவியோடு இன்னும் மூன்று பதவிகளுக்குப் பதில் கடமை பார்த்தேன். பேக்கரிகளுக்குக் கோதுமை மா அனுமதி கொடுப்பது அவற்றுள் ஒன்று. மா வவுனியாவிலிருந்து வரவேண்டும். எப்போது வரும் என்பது லொறிக்கே தெரியாது. ஆகையால் நான் ஒரு விதி எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் பின்னேரம் நாலு மணிக்குள் பாண் கொடுக்கும் பேக்கரிக்கே மா. ஒரு தடவை தவறினால் எச்சரிக்கைக் கடிதம். அனுமதி செல்லும் அதே மூன்று மாதத்துக்குள் மறுபடியும் தவறினால் அனுமதி ரத்து. நோயாளிகள் பின்னேரத் தேநீரோடு அந்தப் பாணைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்; விதி நியாயமானதுதான். இன்றைக்கும் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன்.

ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை முன்னறிவிப்பின்றிப் பரிசோதனைக்குப் போனேன். கிடுகுக் கொட்டிலின் நடுவே ஒரு கதிரையைப் போட்டு, கால் மேல் கால் போட்டபடி, மூன்று மாதத்துக்கு முந்திய பத்திரிகையை விரித்துக்கொண்டு இருந்தார் பாண் வேக்காட்டுக்குப் பொறுப்பானவர். போறணை அண்ணை என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் குடியேறிய சைவக் குடும்பம். விதைப்புக்கும் அரிவு வெட்டுக்கும் வயலுக்குப் போவார், மற்ற நாளெல்லாம் போறணையோடு இருப்பார். அன்றைக்கு அவருடைய இடத்தில், மா குழைக்கும் பெண் நீளத் தட்டுக்கோலோடு வியர்த்து வழிந்துகொண்டு நின்றா.

"என்ன, வேலைநிறுத்தமோ?" என்றேன்.

"இல்லை ஐயா," என்றார் அக்கா. "இண்டைக்கு அண்ணைக்கு ஒறுத்தல்."

"ஆருக்கு?"

"தவக்காலத்திலை நாங்கள் மச்ச மாமிசத்தை விடுறமெல்லே, அதுமாதிரித்தான். மாத முதல் வெள்ளியிலை எங்கட பேக்கரி ஒண்டை விடும். போன மாதம் ஈஸ்ட்டை விட்டது. கள்ளு விட்டுத்தான் மா பொங்க வைச்சம். இந்த மாதம் அண்ணையை விட்டிருக்குது."

கதிரையில் இருந்தவர் பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "வலப்பக்கம் தணல் கூடிப்போச்சு, அங்கை, அங்கை..."

"அண்ணை! வாய்க்கும் சேத்துத்தான் ஒறுத்தல்."

"நான் சைவக்காரன். எனக்கென்ன ஒறுத்தல்?"

"அப்ப விரதமெண்டு நினையுங்கோ. மௌன விரதம்."

"சாப்பாடு இல்லாத விரதம் எத்தினை இருந்திட்டன். இது கருகிற பாணைப் பாத்துக்கொண்டு இருக்கிற விரதம். இதைவிட அலகு குத்தலாம்," என்று சொல்லிவிட்டு அண்ணை மறுபடியும் பத்திரிகைக்குள் போனார்.

நான் அதைக் கிறுக்கு என்றே எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கும் ஆளை இருத்திவிட்டுத் தெரியாத ஆளிடம் வேலையைக் கொடுப்பது எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லாதது. அக்காவிடம் காரணம் கேட்டேன். மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கடவுள் ஒண்டைப் பறிக்கேக்கை சொல்லிப்போட்டுப் பறிக்கிறேல்லை ஐயா. எங்களுக்குத் தெரியும். அதுதான் நாங்களே முந்திக்கொண்டு ஒவ்வொண்டா விட்டுப் பாக்கிறம். எது இல்லாமல் எங்கை நொண்டுதெண்டு முதலே தெரிஞ்சால், பிறகு விழுந்தாலும் முகம் குப்புற விழமாட்டம்."

அன்று பாண் ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனது. ஆஸ்பத்திரிக் களஞ்சியப் பொறுப்பாளர் எனக்குக் குறிப்பு அனுப்பினார். நான் விதிப்படி எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், "தேர்ச்சி பெற்ற ஊழியரை வேண்டுமென்றே வேலையிலிருந்து விலக்கி வைத்தமை" என்று தெளிவாகப் போட்டேன். அக்கா கடிதத்தை நின்றபடியே படித்து, நாலாக மடித்து, "சரியாத்தான் எழுதியிருக்கிறியள்," என்றார். இனி மார்கழி முடியும்வரை ஒருமுறை பிந்தினாலும் மா இல்லை. மா இல்லையென்றால் பேக்கரி இல்லை. அது அவருக்குத் தெரியும். ஒறுத்தலை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

நிறுத்தவில்லை. கார்த்திகை முதல் வெள்ளி சைக்கிளை விட்டார்கள். பாண் கொண்டுபோகிறவர் அக்காவின் தம்பி. கடலுக்குப் போய் வந்தவர், தோள் அகன்றவர். அன்று அவரும் இன்னொருவரும் மீன் காவுவதைப்போல ஒரு தடியின் இரு பக்கமும் பெட்டிகளைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். ஐப்பசியில் நொண்டியது எங்கே என்று கண்டுபிடித்து, போறணையை ஒரு மணித்தியாலம் முந்தி மூட்டியிருந்தார்கள். நாலு மணிக்குக் கால் மணி இருக்கையில் பாண் போய்ச் சேர்ந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது தம்பி சொன்னார்: "நேரத்தை எழுதுங்கோ ஐயா. உங்கட கடிதத்துக்குக் கீழை இடம் இருக்குதாம்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பேக்கரியை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் மாவை ஓரிடத்தில் வைப்பதில்லை. மூன்று வீடுகளில் பிரித்து வைத்திருந்தார்கள். விறகில் பாதி திறந்த வெளியில், மற்றப் பாதி அயல்வீட்டுக் கூரைக்குக் கீழ். மற்றப் பேக்கரிகள் சாமத்தில் வேலை செய்யும். இவர்கள் லாம்பு எண்ணெயை மிச்சம் பிடிக்க வேலை முழுவதையும் பகலுக்கு மாற்றியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு பேருடைய வேலை தெரியும். இதில் ஒன்றுகூட எழுத்தில் இல்லை. எல்லாம் ஏதோ ஒரு முதல் வெள்ளியில் நொண்டிப் பார்த்துக் கண்டவை. என்னுடைய பதினான்கு பக்கத்திலும் இவை எல்லாம் இருந்தன என்பதை நான் சொல்ல வேண்டும். இருந்தன, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் ஒருநாளும் விட்டுப் பார்க்கவில்லை. போறணையை. பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த போறணை அது. நெற்றியில் ஒரு சிறு சிலுவை பதித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் போறணை அண்ணை அதன் வாசலில் கற்பூரம் கொளுத்துவார். பெரிய வெள்ளியன்றுகூட உள்ளே தணல் மூடிக் கிடக்கும். அது ஆறக் கூடாது என்பதில் இரண்டு சமயத்தாரும் ஒற்றுமை. வேறு எந்த விஷயத்திலும் இவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை. அந்த ஒற்றுமைதான் அவர்கள் விட்ட ஒரே பிழை.

மார்கழி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. போறணை அண்ணைக்கு மலேரியாக் காய்ச்சல். நாலு நாளாக அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் இல்லாமல் பாண் ஒரு நிமிடமும் பிந்தாமல் போனது. ஐந்தாம் நாள் காலை நான் கச்சேரிக்குப் புறப்பட்டபோது தம்பி சைக்கிளை மழைக்குள் மிதித்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, போறணை இருந்திட்டுது."

"இருந்திட்டுதெண்டால்?"

"பின்சுவர் மண்ணுக்கை இறங்கி, முகடு உள்ளுக்கை விழுந்திட்டுது. ஒருத்தருக்கும் காயமில்லை. அக்கா உங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவா."

போனேன். ஈரமான செம்மண்ணும் செங்கல்லும் குவிந்து கிடந்தன; மேலே நீராவி எழும்பிக்கொண்டிருந்தது. சிலுவை பதித்த கல் மட்டும் தனியே நின்றது. குழைக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா. அக்கா குவியலைப் பார்க்கவில்லை. தொட்டியில் துணியால் மூடியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மா பொங்கத் தொடங்கீட்டுது," என்றார். "பத்து மணிக்கை வெட்டி அச்சிலை போடவேணும். இல்லாட்டிப் புளிச்சுப் போயிடும். புதுசாக் குழைச்சால் நாளைக்குத்தான் பாண். நாலு மணிக்குப் பாண் போகாட்டி, ஐயா உங்கட ரெண்டாவது கடிதம்."

"ஓம்," என்றேன். வேறு என்ன சொல்ல? நான் எழுதிய விதி.

வேறு பேக்கரி பக்கத்தில் இல்லை; புதுக்குடியிருப்புப் பாதையில் வெள்ளம் ஏறியிருந்தது. ஒருவரும் அழவில்லை, ஆனால் ஒருவரும் அசையவுமில்லை. பழகியிராத ஒறுத்தல் அது. அப்போது குழைக்கும் பெண் வாயிலிருந்து கையை எடுத்தா.

"அக்கா, நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டிலை கேக் எப்பிடிச் சுடுறனாங்கள்? சட்டிக்குக் கீழையும் தணல், மூடிக்கு மேலையும் தணல்."

"அதுக்கு?"

"சட்டியைப் பெரிசாக்கினால் என்ன?"

அக்கா அவவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, உங்கட களஞ்சியத்துக்குப் பின்னாலை வெறும் பீப்பா கிடக்குது, கண்டனான்."

கிடந்தன. மண்ணெண்ணெய் வந்த இரும்புப் பீப்பாக்கள். ஒரு வருடத்துக்கு மேலாக மூடி திறந்தபடி மழைநீர் குடித்துக்கொண்டு கிடந்தவை. அரசாங்கப் பொருள். வெளியாருக்குக் கொடுக்க எழுத்தில் விண்ணப்பம் வேண்டும். அதைப் பெற்றதாக விடயத்துக்குப் பொறுப்பானவர் குறிக்க வேண்டும். களஞ்சிய அதிகாரி இருப்பை உறுதிப்படுத்த வேண்டும். நிர்வாக அதிகாரி சிபாரிசு செய்ய, இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். சாதாரணமாக மூன்று கிழமை. நான் கச்சேரிக்குப் போனேன். அக்காவின் பெயரில் விண்ணப்பத்தை எழுதினேன். கூட வந்த தம்பி அவருக்காகக் கையெழுத்து வைத்தார். பிறகு நானே அதைப் பெற்றேன், நானே இருப்பை உறுதிப்படுத்தினேன், நானே எனக்குச் சிபாரிசு செய்தேன், அந்தச் சிபாரிசைக் கவனமாகப் படித்து நானே அனுமதித்தேன். எல்லாப் பதவிக்கும் பதில் கடமை நான்தானே. பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. நடைமுறையில் ஒரு படியைக்கூட நான் தாண்டவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். "பழுதின்றித் திருப்பி ஒப்படைக்க வேண்டியது" என்ற முத்திரையையும் குத்தினேன்.

மூன்று பீப்பாக்களையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கியதும், சாம்பலும் தண்ணீரும் போட்டு உருட்டி உருட்டிக் கழுவினார்கள். பிறகு தம்பி உளியையும் சுத்தியலையும் எடுத்து முதல் பீப்பாவின் வட்டத் தலையை வெட்டத் தொடங்கினார். ஒவ்வோர் அடியும் என் முத்திரையில் விழுந்தது.

"பழுதின்றி எண்டு எழுதியிருக்குது," என்றேன்.

"இது பழுதில்லை ஐயா," என்றார் தம்பி, தலை நிமிராமல். "கதவு."

வெட்டிய பீப்பாவுக்குள் வைக்கோலை எரித்து எண்ணெய் மணத்தைப் போக்கினார்கள். மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே, விழுந்த போறணையின் கல்லை அடுக்கி அதன்மேல் பீப்பாக்களைக் கிடையாகப் படுக்க வைத்தார்கள். விழுந்த போறணையின் மண்ணையே குழைத்து முதுகில் பூசினார்கள். கீழே விறகு; மேலே மண் வரம்பு கட்டி அதற்குள் தணல். உள்ளே தகரத் தட்டு. யார் என்ன செய்வது என்று அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. பேக்கரிக்கு விறகு பிளக்கிறவர் மண் குழைத்தார், குழைக்கும் பெண் தணல் பார்த்தா, அக்கா விறகு பிளந்தார். எவருடைய வேலை எது என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. முப்பது வருடம் கடமைப் பட்டியல் எழுதிய ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றேன். அழகாக இருந்தது. அந்தச் சொல்லை நான் அலுவலகக் கோப்புகளில் பாவித்ததில்லை; இங்கே பாவிக்கிறேன்.

முதல் தட்டுப் பாண் கீழே கரி, மேலே பச்சை மா. இரண்டாவதில் தட்டுக்குக் கீழே மணல் பரப்பினார்கள். கரி போனது, மேல்பக்கம் வெளிறி நின்றது. மூன்றாவதில் மேல் தணலை இரட்டித்தார்கள். குழைக்கும் பெண் ஒன்றை எடுத்து முதுகில் தட்டிப் பார்த்தா, காதருகே வைத்து.

"வெந்திட்டுது," என்றா. ஐப்பசியில் கதிரையில் இருந்தபடி அண்ணை வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது இவவைத்தான்.

மணி பன்னிரண்டரை. ஒரு பீப்பாவுக்கு ஒரு தடவையில் பன்னிரண்டு பாண். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். போதாது என்று வந்தது. அக்காவும் போட்டிருக்கிறார். "வெந்த அளவைக் கொண்டு போ, மிச்சம் பின்னாலை வரும்," என்று மூன்று மணிக்குத் தம்பியை அனுப்பினார். கடைசித் தட்டு வெளியே வந்தபோது மூன்றே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தம்பி திரும்பி வந்து சேரவில்லை. அக்கா சுற்றிப் பார்த்தார். கொட்டில் வாசலில் என் சைக்கிள் நின்றது. அரசாங்கக் கடமைக்காக வழங்கப்பட்டது. ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. குழைக்கும் பெண் சூடான பாண் பெட்டியைக் கரியரில் வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி மிதித்துவிட்டா. நானும் அக்காவும் வெள்ளத்துக்குள்ளால் பின்னே நடந்தோம்.

நாங்கள் ஆஸ்பத்திரியை அடைந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் பாணைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை மணிக்கு வந்தது?" என்று நானே கேட்டேன்.

"கடைசிப் பெட்டி நாலுக்கு மூண்டு நிமிசம் இருக்கேக்கை. ராத்தல் சரி. ஆனால் இதென்ன ஐயா, பாணெல்லாம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்து?"

"விதியிலை நிறம் இல்லை," என்றேன். "நான்தான் எழுதினனான்."

அக்கா சுவரோடு சாய்ந்து ஒரு தடவை மூச்சு விட்டார். பிறகு ஒரு பாணை எடுத்துக்கொண்டு அண்ணை படுத்திருந்த வாட்டுக்குப் போனார். போறணை அண்ணை போர்வைக்குள் எழும்பி இருந்தார். பாணைப் பிய்த்து மணந்து பார்த்தார்.

"இது என்ரை போறணைப் பாண் இல்லை."

"இல்லை அண்ணை. போறணையும் இல்லை."

அண்ணை பிய்த்த துண்டைத் தேநீரில் தோய்த்து வாயில் போட்டார். "மேல் தணல் காணாது. ஆர் பாத்தது?"

அக்கா சொன்னார். "அப்ப சரி," என்றார் அண்ணை. மற்றப் பாதியையும் சாப்பிட்டார்.

தை பிறந்ததும் அக்கா கச்சேரிக்கு வந்தார், அடுத்த மூன்று மாதத்துக்கான அனுமதி எடுக்க. புதுப் போறணை அரைவாசி எழும்பியிருந்தது. கதவு வெட்டிய மூன்று பீப்பாக்களையும் என்ன செய்வது என்று நான் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அதை இங்கே விவரிக்கவில்லை. அனுமதியில் ஒப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமல் என் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு அண்ணை மாதிரி உங்களுக்கும் காய்ச்சல் வந்து படுத்திருந்தால், எங்களுக்குப் பீப்பா தந்திருக்கிறது ஆர்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். விண்ணப்பத்தைப் பெறுபவர் நான். உறுதிப்படுத்துபவர் நான். சிபாரிசு நான். அனுமதி நான். களஞ்சியச் சாவி என் இடுப்பில்.

"ஒருத்தருமில்லை," என்றேன்.

"அதுதான் கேட்டனான்," என்று அனுமதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

என் கீழ் வேலை செய்த எழுதுவினைஞர் பிள்ளை ஒருத்தி கெட்டிக்காரி. கடிதம் பதியும் வேலையைத் தவிர வேறெதையும் நான் அவளிடம் விட்டதில்லை. மாசி முதல் வெள்ளிக்கு முதல் நாள் என் இடத்தில் பதில் கடமை பார்க்க அவளுக்கு ஒரு நியமனக் கடிதம் எழுதினேன். சாவியின் மறுபிரதியைக் கொடுத்தேன். எழுத்தில் ஒப்படைக்காமல் சாவி கொடுக்கக் கூடாது என்பதால் அதையும் எழுதினேன். அவள் கேட்டாள், "சேர், பிழை விட்டால்?"

"கடிதம் எழுதுவன்," என்றேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு வீட்டில் கதிரையில் இருந்தேன். பத்து மணி வரைக்கும்தான் தாக்குப் பிடித்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கச்சேரி இயங்கிய பாடசாலையின் வேலியோரம், பூவரச மறைப்பில் நின்று பார்த்தேன். வரிசை வழமைபோல இருந்தது, உள்ளே போனவர்கள் கையில் கடதாசியோடு வெளியே வந்தார்கள். பீடி பற்றவைக்க வெளியே வந்த காவலாளி என்னைக் கண்டு, "என்ன ஐயா, உள்ளுக்கு வாங்கோவன். பிள்ளை இருக்கிறா, அலுவல் உடனை முடியும்," என்றார்.